ஏழு நாள் முழுச் சம்பளம்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த காலத்தில், காய்ச்சல் என்று படுத்தால் பாதிச் சம்பளம். டைபாய்டு வந்து ஆளே பாதியாகப் போனாலும் அதே பாதிதான். முழுச் சம்பளத்தோடு வீட்டில் கால் நீட்டிப் படுக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். பேப்பர்க்காரர்கள் அதைச் சுருக்கி ‘கு.க.’ என்று போடுவார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். தொழிலாளர் காப்பீட்டு அட்டை யார் பேரில் இருக்கிறதோ அவர் செய்துகொண்டால், ஆணுக்கு ஏழு நாள், பெண்ணுக்குப் பதினான்கு நாள், முழுச் சம்பளம்.

அந்தக் காப்பீடு சும்மா வந்ததில்லை. மாசாமாசம் எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள், முதலாளியிடமும் வாங்கினார்கள். எங்களிடம் பிடித்ததிலிருந்து எங்களுக்கே கொடுத்து எங்களை நல்ல வழிக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு. காசு கொடுத்தால் மனிதன் எதையும் செய்வான் என்பது ஒன்று. எதற்குக் கொடுத்தார்களோ அதை மட்டும்தான் செய்வான் என்பது இன்னொன்று. இரண்டையும் என் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீகம் நசரத்பேட்டை. பெங்களூர் ரோட்டை ஒட்டி எங்களுக்கு இருந்த நிலத்தை அண்ணன்மார்கள் பங்கு போட்டதில் என் கைக்கு வந்தது ஒரு சைக்கிள் வாங்குகிற காசு. அந்தச் சைக்கிளில்தான் கரையான்சாவடியிலிருந்து வானகரம் வழியாக எஸ்டேட்டுக்குப் போய்வந்தேன். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற சின்ன கம்பெனி, நான் அதில் லேத் போடுகிறவன். கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. அதில் நான், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

மனைவிக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது போகும்போது இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணத்தின்போது யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். இரண்டாவது பிரசவத்தில் அவளை ஆக்ஸிஜன் வைத்து இரண்டு நாள் வைத்திருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதிலிருந்து இருபத்தொரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி, எங்கள் காப்பீட்டு மருந்தகத்தில். ஊசிக்கு அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து எஸ்டேட் வரைக்கும் மிதிப்பேன்.

அந்த மருந்தகத்து டாக்டரம்மா தெற்கத்திக்காரர். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். ஒரு நாள் ஊசி போட்டு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் நிறுத்திவைத்தார்.

“இன்னொரு பிரசவம் அவங்களுக்குத் தாங்காது. நான் பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. ஆபரேஷன் பண்ணலாம்னா மயக்க மருந்தும் அந்த இதயத்துக்கு ஆபத்து. அதனால நீங்கதான் பண்ணிக்கணும்” என்றார்.

நானும் பெரிய மனிதன்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து எட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை.

ஏன் என்று கேட்டால், வெட்கத்தோடுதான் சொல்கிறேன், பயம். எங்கள் கம்பெனியில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். அதில் கு.க. ஆகாத குடும்பம் சொற்பம், கு.க. செய்துகொண்ட ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. எல்லாம் வீட்டுக்காரிகள் தலையில் கட்டியதுதான். ஆண் செய்துகொண்டால் இடுப்பு விட்டுப்போகும், எடை தூக்க முடியாது, தாடி கொட்டிவிடும் என்றெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்காரிகளுக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது. எங்கள் அட்டையில் அவர்களும் மருந்து வாங்கலாம், ஆனால் அவர்கள் கு.க. செய்துகொண்டால் யாருக்கும் சல்லிக்காசு வராது. காசு வருகிற உடம்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, காசு வராத உடம்பை அனுப்பிவைத்தார்கள் எங்கள் ஆட்கள். கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ஓவர்டைமில் கால் மணி குறைந்தால் சூப்பர்வைசர் சட்டையைப் பிடிப்பவர்கள்தான்.

ஆவடியில் மத்திய சர்க்கார் வேலையில் இருந்த என் மைத்துனருக்கு யோகம் வேறு மாதிரி. அவர்கள் சட்டப்படி மனைவி செய்துகொண்டாலும் புருஷனுக்கு இன்கிரிமென்ட் உண்டு. என் மனைவிக்குத் தம்பி, அவளைவிட மூன்று வயது சின்னவர். பெண்டாட்டியை அனுப்பிவைத்துவிட்டு ரிடையர் ஆகிற வரைக்கும் அந்தக் காசை வாங்கினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “மாமா, நீங்க பிரைவேட்ல மாட்டிகினீங்க” என்று பரிதாபப்படுவார்.

என்னைக் கடைசியில் தள்ளிவிட்டது பக்கத்து மெஷின்காரன். கிரைண்டிங் போடுகிறவன், என் வயசு, நாலு பிள்ளைகள், அவன் வீட்டுக்காரிக்கு எப்போதோ ஆகிவிட்டது. டாக்டரம்மா சொன்னதை அவனிடம்கூட நான் சொல்லவில்லை. அவனாக ஒரு நாள் டீ கிளாஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மச்சான், சும்மா படுத்துகினு ஏழு நாளு புல் சம்பளம். மேலுக்கு கைல காசு, ஒரு பக்கெட்டு வேற குடுக்கறான். மாமியார் ஊட்டுல கூட இப்டி தரமாட்டான். இன்னா சொல்ற?” என்றான்.

ஆள் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் காசு உண்டு என்பதை அவன் சொல்லவில்லை. எனக்கும் அது பிறகுதான் தெரியும். ஆனால் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. பெண்டாட்டி உயிருக்காக நான் செய்துகொண்டேன் என்றால் கம்பெனி முழுக்கச் சிரிக்கும். பெண்டாட்டி தாசன் என்று பேர் வைத்துவிடுவார்கள். காசுக்காகச் செய்துகொண்டேன் என்றால் பிழைக்கத் தெரிந்தவன் என்பார்கள். எட்டு மாதமாக என்னிடம் இல்லாமல் போனது தைரியம் அல்ல, ஒரு கௌரவமான காரணம்தான். அதைச் சர்க்காரே கொடுத்திருந்தது.

வீட்டிலும் அதையே சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா சொன்னதை நான் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் இரும்பு தூக்குகிற உடம்பில் கத்தி வைத்தால் நாளைக்கு வீட்டுக்கு யார் சம்பாதிப்பது என்று கேட்டாள். போய்ச் சேர்வதானால் நான் போய்ச் சேர்கிறேன் என்று, கறிக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்காவ ஒண்ணும் இல்ல. ஏழு நாளு சம்பளம் வருது, அதுக்காவ” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, சரி போய்வா என்றாள். நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் என்று அதைச் சொல்வதே அதிகம். டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். கூட வந்த பக்கத்து மெஷின்காரன் தன் பங்கை எந்த ஜன்னலில் வாங்கினான் என்று நான் பார்க்கவில்லை, ஆனால் திரும்பும்போது மசால்வடை வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸில் கூட்டம். ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு பக்கெட்டோடு, காலை அகட்டி வைத்து ஏறுகிற ஆண்பிள்ளைக்கு வேறு காரணம் இருக்க முடியாது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார், சீட்டில் இருந்த ஒருவரைத் தட்டினார். “எய்ந்திரிபா, அண்ணாத்தேக்கு எடம் குடு” என்றார். பூந்தமல்லி வரைக்கும் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷனுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டரம்மா என் கையில் ஒரு பொட்டலமும் ஒரு சின்ன கண்ணாடி பாட்டிலும் கொடுத்திருந்தார். பொட்டலத்தில் ஆணுறைகள். பாட்டிலில் என் பேர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. இந்த ஆபரேஷன் உடனே பலிக்காது, உள்ளே தங்கியிருப்பது தீர மூன்று மாதம் ஆகும், அது வரைக்கும் உறை போடவேண்டும், மூன்றாவது மாதம் பாட்டிலில் கொண்டுவந்து மருந்தகத்துச் சோதனை அறையில் கொடுக்கவேண்டும் என்றார். எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன். “சோதனையில ஒண்ணும் இல்லன்னு நான் சொல்ற வரைக்கும் இது முடிஞ்சதா நெனைக்காதீங்க” என்றார். நன்றாகக் காதில் விழுந்தது. அப்போதும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் நான் யாருக்கும் சளைத்ததில்லை.

ஏழு நாளும் ராஜ வாழ்க்கை. தினம் ஒரு முட்டை, இரண்டு நாள் எலும்பு சூப்பு. குளிக்க வெந்நீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான்காவது நாள்தான் எனக்கு உறைத்தது. தெருமுனை அடிபம்பிலிருந்து தண்ணீர் எடுப்பது எப்போதும் என் வேலை, அவள் இதயத்துக்கு ஆகாது என்பதால். நான் படுத்துவிட்டதால் அவள்தான் அடித்து, அந்தச் சிவப்பு பக்கெட்டில் பாதி பாதியாக, வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கிவிட்டுக் கொண்டுவந்தாள். வாசலில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பாயில் படுத்தபடி பார்த்தேன். நல்ல உடம்புக்காரன் முழுச் சம்பளத்தில் படுத்திருக்க, கெட்டுப்போன இதயக்காரி சம்பளமில்லாமல் தண்ணீர் சுமக்கிறாள். எழுந்து போய் வாங்கினேன். எடை தூக்கக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று என்னைத் திட்டி உள்ளே அனுப்பினாள். நானும் போய்ப் படுத்தேன், அதையும் சொல்லவேண்டும்.

திரும்ப வேலைக்குப் போனபோது எனக்கு ‘பக்கெட்டு’ என்று பேர் ஆகியிருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மரியாதையான பேர்தான். ஷாஃப்டைத் தூக்கப் போனால் யாராவது ஓடிவந்து, பக்கெட்டு நீ உடு என்று வாங்கிக்கொள்வார்கள். அதை நான் இரண்டு மாதம் நன்றாக அனுபவித்தேன்.

சம்பளம் மட்டும் வரவில்லை.

எங்கள் மருந்தகம் ஒரு மாடிக் கட்டடம். கீழே டாக்டர், ஊசி, மருந்து. மாடியில் காசு கொடுக்கிற ஆபீஸ். மாடியில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர், அவசரமே கிடையாது. மூக்குப்பொடி போட்டுக்கொண்டு என் விண்ணப்பப் பாரத்தைத் தேடி எடுத்தார். அறுவை செய்துகொண்டவர் யார் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அவருடைய கையெழுத்துதான். இத்தனை வருஷமாக கு.க. என்று வந்த பாரம் ஒவ்வொன்றிலும் மனைவி என்றே எழுதிப் பழகிய கை, எனக்கும் அப்படியே எழுதிவிட்டது. மனைவி செய்துகொண்டால் காசு கிடையாதாகையால் மேலிடத்தில் தள்ளுபடி செய்து திருப்பியிருந்தார்கள்.

நான்தான் செய்துகொண்டேன் என்றேன். அத்தாட்சி வேண்டுமே என்றார். அத்தாட்சி என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் பைலில் வைத்துத் தைக்க முடியாது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து மூக்குப்பொடி பாரத்தின் மேலெல்லாம் சிந்திவிட்டது. ஆஸ்பத்திரி சீட்டு கொண்டுவா என்றார். கொண்டுபோனேன். டாக்டரம்மா கையெழுத்து வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டு போனேன். கம்பெனியிலிருந்து கடிதம், பிறகு அதற்கு நகல். ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு போட்டு, ஐந்து தடவை அந்த மாடிப்படி ஏறினேன். ஐந்தாவது தடவை ‘மனைவி’யைச் சிவப்பு மசியால் அடித்து, மேலே ‘கணவர்’ என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, இதுவரைக்கும் நான் எழுதாத வார்த்தைப்பா இது என்று சொன்னார். அடுத்த வாரம் ஏழு நாள் சம்பளமும் வந்தது. லீவில் போன அரை நாள்களைக் கழித்துப் பார்த்தால் நாலரை நாள்தான் மிச்சம். ஆனாலும் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

அந்த மாடிப்படியின் அடியில்தான் சோதனை அறை. ஐந்து தடவையும் அதன் கதவைத் தாண்டித்தான் ஏறினேன், தாண்டித்தான் இறங்கினேன். மூன்றாவது மாதத்துக்கு வேறு லீவு போட்டு வரவேண்டுமே, ஒரேயடியாக இப்போதே கொடுத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு தடவை அங்கே நின்றேன். உள்ளே ஒரு சின்ன வயசுப் பெண், வெள்ளைக் கோட்டு, ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என் தங்கை வயசு இருக்கும். அவளிடம் போய் இந்த பாட்டிலை நீட்டுவதா? அப்படியே நழுவி மாடிக்குப் போய்விட்டேன். காசு விஷயத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேர் நிற்கிற வரிசையில் நின்றுகொண்டு, எனக்குத்தான் வெட்டினார்கள் என்று ஐந்து தடவை உரக்கச் சொன்னவன் நான். சோதனைக்கு மட்டும் வெட்கம். அதற்கு யாரும் காசு தருவதாகச் சொல்லவில்லை.

அந்தப் பாட்டில் ரொம்ப நல்ல பாட்டில். ரப்பர் மூடி, ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. கம்பெனியில் என் டூல் பெட்டியில் வைத்து மெஷின் எண்ணெய் ஊற்றிக்கொண்டேன்.

ஏழாவது வாரமோ என்னமோ, வீட்டில் அவள் கேட்டாள், பாட்டில் கொடுத்தாயா என்று. கொடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தப் பொய். மூன்று மாதக் கணக்கு அவளுக்குத் தெரியாது. பொட்டலத்தில் மிச்சம் இருந்த உறைகளைக் குழந்தைகள் ஊதி விளையாடப் போகிறார்கள் என்று அவளே எடுத்து வெளியே எறிந்தாள்.

பிறகு ஒரு மாதம் அவளுக்குத் தள்ளிப்போயிற்று.

முதலில் நாலு நாள். உடம்பு பலவீனம் என்றாள். பிறகு பத்து நாள். காலையில் பல் தேய்க்கும்போது குமட்டுகிறது என்றாள். பித்தம் என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புருஷனுக்கு கு.க. ஆகி, சோதனையும் ஆகி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட வீட்டில் அவள் எப்படி வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்வாள்? தெருவில் ஒருத்தருக்கும் தெரியாத விஷயமா என் விஷயம்? சிவப்பு பக்கெட்டு வாசலிலேயே இருக்கிறது. அவள் பம்படிக்குப் போவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதை நிறுத்தினாள். நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்ப்பாள். நான் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒன்பது நாள் அப்படி இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் எதற்காவது என்னை நிற்கவைத்துச் செருப்பால் அடிக்கலாம் என்றால், அது பொய் சொன்னதற்கு இல்லை, அந்த ஒன்பது நாளுக்குத்தான். அவள் உயிர் ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது, சீக்கிரம் டாக்டரம்மாவிடம் போனால் கலைப்பது சுலபம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு அதுவாகவே வந்துவிடும் என்று லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். டூல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் பேர் ஒட்டிய பாட்டில் தெரியும்.

பத்தாவது நாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் சைக்கிளை வெளியே தள்ளும்போது அவள் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ என்னிய சந்தேகப்படறியா?” என்றாள்.

குரலில் அழுகை இல்லை. கேட்டே தீர்வது என்று ராத்திரி பூராவும் தீர்மானித்து வைத்த மாதிரி கேட்டாள். இல்லை என்றேன். நான் சோதனைக்குப் போகவே இல்லை என்றேன்.

“அந்த பாட்டிலு?” என்றாள்.

“கம்பெனில கீது. எண்ண ஊத்தி வெச்சிகீறேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு, சின்னதைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். வானகரம் ரோட்டில் அன்றைக்கு மிதித்த மாதிரி நான் என்றைக்கும் மிதித்ததில்லை. அவள் வழக்கமாக என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குக் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் குரல் எவ்வளவு தாழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கலைத்தாக வேண்டும், நாளாகிவிட்டதால் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும், எந்த மயக்கம் கூடாது என்றுதான் இத்தனை பாடும் பட்டோமோ அதே மயக்கம். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், “ஒரே மயக்கத்துல அவங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடும் சேத்துப் பண்ணச் சொல்லி எழுதறேன். இனிமே உங்கள நம்பி விட முடியாது.”

அதற்கும் தலையாட்டினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனபோது என்னிடம் தாலியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தாள். அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு நர்ஸம்மா வேகமாக வெளியே வந்து, வேகமாக இன்னொரு டாக்டரோடு உள்ளே போனார். நான் அதுவரைக்கும் வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினேன். எனக்கு ஏழு நாள் சம்பளம் கொடுத்தது மாதிரி யாராவது வந்து, இவ்வளவு கொடு, அவளைத் தருகிறோம் என்று விலை சொல்லமாட்டார்களா என்று இருந்தது. பிழைத்துவிட்டாள். நடுவில் ஒரு தடவை இதயம் தாறுமாறாக அடித்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். வெளியே கொண்டுவரும்போது உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஏழு நாள் லீவு போட்டேன், சம்பளமில்லாத லீவு. சமைத்தேன், துணி துவைத்தேன், பம்படியில் பெண்களோடு வரிசையில் நின்று சிவப்பு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தேன். பம்படியில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மூன்றாவது நாள் அவளுக்கு மருந்து வாங்க மருந்தகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய சீட்டை மாடியில் பதிந்துகொண்டு வந்தால்தான் மருந்து தருவோம் என்றார்கள். மாடி ஏறினேன். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அவர் மறக்க முடியாத ஆள் அல்லவா நான். சீட்டில் கு.க. என்று இருந்ததைப் பார்த்தவர் மேற்கொண்டு படிக்கவில்லை. பெரிய நோட்டைத் திருப்பி, யாருக்கு என்ற இடத்தில் நிதானமாக எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘கணவர்’ என்று இருந்தது.

“ஒரு வாட்டி தப்பு பண்ணிட்டேன். இந்த வாட்டி கரெக்ட்டா போட்டுட்டேன் பாரு” என்றார்.

“இல்ல சார். இந்த வாட்டி ஊட்டுக்காரிதான்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ‘கணவர்’ மேல் ஒரு கோடு போட்டு ‘மனைவி’ என்று எழுதினார்.

“அப்ப உனுக்கு ஒண்ணும் வராதுபா” என்றார்.

தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சோதனை அறை திறந்திருந்தது. பையில் அந்தப் பாட்டில் இருந்தது. கம்பெனியிலிருந்து எடுத்து வந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வைத்திருந்தேன், எதற்கென்று தெரியாமலே. உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எண்ணெய் வாசம் அடிக்கிறது, இது உதவாது என்று வேறு பாட்டில் கொடுத்து, பேரை எழுதி, நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்கள், மத்தியானம் முடிவு தெரியும் என்றாள். அவ்வளவுதான். இத்தனை மாதம் நான் பயந்து ஒளிந்த காரியம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் சீட்டு வந்தது. ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. என் ஆபரேஷன் பலித்துவிட்டிருந்தது. மூன்று மாதம் சொன்னபடி பொறுத்திருந்தால் அவளைக் கத்திக்குக் கொடுத்திருக்கவே வேண்டாம். வானகரம் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, அந்தச் சீட்டை இன்னொரு தரம் படித்தேன். அழுகை வந்துவிட்டது. லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் அவள் பாயில் சாய்ந்து உட்கார்ந்து சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இனி அவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்திருந்ததால் சீட்டை நீட்டினேன். வாங்கி மெதுவாகப் படித்தாள். மடித்தாள். திருப்பி என் கையிலேயே கொடுத்தாள்.

“பத்தரமா வெச்சிக்க. இதுக்கு எதுனா குடுக்கறாங்களான்னு கேளு” என்றாள்.

சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போனேன்.